ஒரு ஆதிவாசி கம்மி

ஆவடி மார்க்கெட் பக்கம் யாரையாவது நிறுத்தி ‘கங்கா டிரஸ்’ எங்கே என்று கேட்டால் ஏதாவது ஜவுளிக்கடைக்கு வழி காட்டுவார்கள். ‘வேஷக்கடை கங்காதரன்’ என்று கேட்டால்தான் என்னிடம் அனுப்புவார்கள். நான் துணி விற்பவனல்ல. வேஷத்தை வாடகைக்கு விடுபவன். பொங்கல் முடிந்ததும் பள்ளிக்கூடங்களில் ஆண்டு விழா தொடங்கிவிடும். அப்போது என் கடையில் இந்தியா முழுவதும் பாலித்தீன் உறைகளில் தொங்கும். தலைப்பாகை என்றால் பஞ்சாப். சரிகைக் கரை போட்ட வெள்ளை என்றால் கேரளா. கண்ணாடி வைத்துத் தைத்த பாவாடை என்றால் ராஜஸ்தான். இந்த ஊர்களில் எதற்கும் நான் போனதில்லை. திருப்பதிக்குப் போயிருக்கிறேன். அங்கே எல்லாரும் மொட்டையாக இருந்ததால் ஆந்திராவின் தலையலங்காரத்தைக் கவனிக்க முடியவில்லை.

இந்த ஞானத்தை வைத்துக்கொண்டுதான் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்துப் பிள்ளைகளுக்குப் பாரத தரிசனம் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

உறைகளில் அதிகம் வெளியே போய்வருவது ஆதிவாசி செட். பச்சை பிளாஸ்டிக் இலைகளைக் கோத்த பாவாடை, தலைக்கு இறகுப் பட்டை, எலும்பு மாதிரி மாலை, தெர்மாகோல் ஈட்டி, உடம்பில் பூசிக்கொள்ளக் கருப்புப் பொடி. எந்த ஆதிவாசி, எந்தக் காடு என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. பாரிமுனையில் மொத்தக் கடைக்காரர் கொடுத்தார், நான் வாங்கினேன். நானும் கேட்கவில்லை.

இந்த வருடம் திருநின்றவூரில் ஒரு மெட்ரிக் பள்ளியிலிருந்து அளவெடுக்கக் கூப்பிட்டார்கள். போனபோது நடன மாஸ்டர் தமிழ்வாணன், கழுத்தில் விசிலோடு, ஐந்தாம் வகுப்புப் பெண்களை மைதானத்தில் ஆட வைத்துக்கொண்டிருந்தார். பாட்டில் வார்த்தைகளே இல்லை. முரசுச் சத்தம், நடுநடுவே யாரோ ‘ஹோ ஹோ’ என்று கத்துவது, அவ்வளவுதான்.

முன்வரிசையில் நடுவில் ஒரு பெண் நின்றாள். பெயர் எழிலரசி. எனக்கு ஆட்டம் பற்றி ஒன்றும் தெரியாது. என் கல்யாண ஊர்வலத்தில் நான் ஆடியதை என் மனைவி ரேகா இன்றைக்கும் சொந்தக்காரர்களுக்கு நடித்துக் காட்டுவாள். அப்படிப்பட்ட எனக்கே தெரிந்தது. மற்ற பெண்கள் தாளம் விழுந்த பிறகு காலை எடுத்தார்கள். இவள் கால் வைத்த இடத்துக்குத் தாளம் வந்து சேர்ந்தது.

“நடுவுல நிக்கிறவளுக்கு மட்டும் பெரிய இறகா வைங்க கங்காதரன். அவதான் தலைவி,” என்றார் மாஸ்டர்.

“கருப்புப் பொடி எல்லாருக்குமா சார்?”

“எல்லாருக்கும். இவளுக்கு மட்டும் வேணாம். இவ ரெடிமேட்.”

பெண்கள் சிரித்தார்கள். எழிலரசியும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக. வாடிக்கையாளர் ஜோக்கடித்தால் சிரிப்பது தொழில் தர்மம் என்பதால் நானும் சிரித்தேன். என் நிறத்துக்கு நானும் ரெடிமேட்தான் என்பது ரயில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

அளவெடுத்து முடித்ததும் வழக்கம்போல எல்லாப் பெண்களுக்கும் கடை விசிட்டிங் கார்டைப் பிரசாதம் மாதிரி கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அந்தக் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் கன்னியம்மாள் கடைக்கு வந்தார். வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. பஸ்ஸில் ஆவடி வந்து, இங்கிருந்து ரயிலில் திருநின்றவூர் போகிறவர். சேலைக்கு மேல் கம்பெனிக் கோட்டு அப்படியே இருந்தது.

“எழிலரசி அம்மா நானு. அந்த எலப் பாவாட உங்க கடையுதாண்ணா?”

“ஆமாம்மா. சுத்தமா அலசி வெச்சிகீறேன். அரிப்பு கிரிப்பு வராது.”

“அது வேணாண்ணா.”

“சைஸு பெருசா கீதா?”

தையல் மெஷினில் இருந்த ரேகா காலை நிறுத்தினாள். “நீ செத்த சும்மா இருய்யா. அவங்க சொல்லட்டும். நீ உக்காரும்மா.”

கன்னியம்மாள் உட்காரவில்லை.

“நாங்க இருளருங்கண்ணா. ஏரிக்கு அந்தாண்ட கீறோம். எங்க ஊட்டுக்காரு லோடு ஏத்தறவரு. விழா அன்னிக்கு வேலைக்கிப் போவாம வராரு. தெருவே வருது, ஷேர் ஆட்டோல்லாம் பேசிட்டாங்க. அவங்க முன்னாடி எம் பொண்ணு எலய கட்டிகினு, கரிய பூசிகினு, ஹோ ஹோன்னு கத்தணுமா? எங்க மாமியாரே எல கட்டி நான் பாத்ததில்ல.”

“கரி கெடயாதும்மா. உங்க பொண்ணுக்கு மட்டும் கரி வேணான்னு மாஸ்டரே...” என்று ஆரம்பித்தவன் ரேகாவின் பார்வையைப் பார்த்துப் பாதியில் விழுங்கினேன்.

“எங்க ஊட்டுக்காரு பாத்தாருன்னா பாதி ஆட்டத்துல இட்டுகினு வந்துருவாரு. சரி, ஆடவே வேணாண்டின்னு சொன்னா இவ சோறு துன்ன மாட்டேன்றா. ஒண்ணாப்புலேருந்து கடைசி லைன்ல நின்னவண்ணா. இப்பதான் நடுவுல உட்டுகீறாங்க. அவ நடுவுல ஆடணும். எல மட்டும் வேணாம். நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா கேப்பாங்க.”

“நீயே போய் சொல்லலாமேம்மா.”

“ஃப்ரீ சீட்டுண்ணா. நாங்க போய் அது வேணாம், இது வேணாம்னா நல்லாருக்காது.”

நான் சொன்னால் கேட்பார்கள் என்று ஒரு மனிதப் பிறவி என்னைப் பார்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. என் வீட்டில் மிக்ஸிகூட நான் சொல்லிக் கேட்டதில்லை. நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது.

“பாத்துக்கலாம்மா. உங்க ஆளுங்க நெஜமா இன்னா கட்டுவீங்க, அத்த சொல்லு. அதையே தெச்சுடறேன்.”

கன்னியம்மாள் குனிந்து தன் சேலையைப் பார்த்தார். “இதான்.”

“அது வேலைக்கி. விசேஷத்துக்கு?”

“மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போவோம். அப்ப புதுசு கட்டுவோம்.”

“ஆங், அது. அது எப்டி இருக்கும்?”

“இதே மாதிரிதாண்ணா. புதுசா இருக்கும்.”

ரேகா சத்தமாகச் சிரித்துவிட்டாள். “அவங்க வந்து உன்னாண்ட, உங்க ஆளுங்க இன்னா கட்டுவாங்கன்னு கேட்டா நீ இன்னா சொல்லுவ? கிழிஞ்ச லுங்கின்னா? கேள்வியப் பாரு.”

ஆனாலும் ரேகாதான் தைத்தாள். மஞ்சளில் சிவப்புப் பூப்போட்ட துணியில், பெண்கள் ஆடத் தோதாகக் கணுக்காலுக்கு மேல் நிற்கிற சின்னச் சேலை. தலைக்குக் கனகாம்பரம். உறையில் போடும்போது என் கடையிலேயே அழகான செட் அதுதான் என்று தோன்றியது. அதை எடுத்துக்கொண்டு திருநின்றவூருக்கு ரயில் ஏறினேன்.

மாஸ்டர் உறையைப் பிரித்துப் பார்த்தார். “யாருக்கு வளைகாப்பு?”

“ஆதிவாசி செட் சார். ஒரிஜினல்.”

“இதப் பாத்தா ஆதிவாசின்னு யாருக்குத் தெரியும்?”

“அவங்க நெஜமாவே இப்டித்தான் சார் கட்றாங்க.”

“அவங்க கட்டலாம் கங்காதரன். ஸ்டேஜ்ல கட்ட முடியாது. நாம பண்றது இந்த ஊரு ஆதிவாசி இல்ல. ஜெனரல் ஆதிவாசி.”

ஜெனரல் ஆதிவாசி எந்தக் காட்டில் இருக்கிறார், ரேஷன் கார்டு எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வீரத்தைக் காட்டினேன், அதாவது பொய் சொன்னேன்.

“இலை செட்டை எலி கடிச்சிடுச்சு சார்.”

“அப்படியா? அம்பத்தூர்ல ஒரு கடை இருக்கு. மொத்த ஆண்டு விழாவையும் அங்கயே சொல்லிடறேன்.”

“எலி அவ்ளோவா ஒண்ணும் கடிக்கல சார்.”

இந்த அளவுக்கு முதுகெலும்பை வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப எனக்கே கூச்சமாக இருந்தது. அதனால் நேரே தலைமை ஆசிரியை மங்களம் மேடத்தின் அறைக்குப் போனேன். அவர் நல்லவர். மழைக்காலத்தில் பிள்ளைகளுக்குத் தன் காசில் சுக்குக் காப்பி போட்டுக் கொடுப்பவர். இருந்த கொஞ்சநஞ்ச தைரியத்தைத் திரட்டி, இந்த மாதிரி மேடம், இலையைக் கட்டிவிட்டு இதுதான் அந்த மக்கள் என்று காட்டுவது அவ்வளவு நன்றாக இல்லை, பார்க்கிற அந்த மக்களுக்கு வலிக்கும் என்று சொல்லி முடித்தேன். வேஷக்கடைக்காரன் வாயிலிருந்து இது வருவதைக் கேட்டு எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். “எவ்வளவு நல்ல விஷயம் சொல்லியிருக்கீங்க. ஒரு டிரெய்னிங்ல எங்களுக்கும் இதத்தான் சொன்னாங்க. எனக்குத் தோணவே இல்ல பாருங்க. எந்தப் பேரண்ட் சொன்னாங்க?”

“பொதுவா சொன்னேன் மேடம்.”

“எழிலரசி அம்மாவா?”

எனக்குப் பொய் சொல்ல வாய் வரும், முகம் வராது. கடையில் எத்தனையோ முகங்கள் வாடகைக்குத் தொங்குகின்றன. அன்றைக்கு ஒன்றைக்கூட மாட்டிக்கொண்டு போகவில்லை.

“பயப்படாதீங்க. அந்தக் குழந்தை மனசு இந்த ஸ்கூல்ல நோகாது. நான் பாத்துக்கறேன்,” என்றார்.

ஆவடி ஸ்டேஷனில் இறங்கியதும் ஜாங்கிரி வாங்கினேன். ரேகாவின் வாயில் ஒன்றைத் திணித்துவிட்டுக் கன்னியம்மாளுக்குப் போன் போட்டேன்.

“சொல்லிட்டேம்மா. மேடமே பாத்துக்கறேன்னு சொல்ட்டாங்க.”

“நடுவுலதான நிப்பா?”

“நடுவுலதாம்மா.” அதை நான் மேடத்திடம் கேட்கவே இல்லை. கேட்க வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் மாஸ்டர் போனில் கூப்பிட்டார்.

“கங்காதரன், ஆர்டர்ல சின்ன சேஞ்சு. ஒரு ஆதிவாசி கம்மி. ஒரு தமிழ்த்தாய் சேத்துக்கங்க. நல்ல பட்டு, பெரிய கிரீடம். எழிலரசி சைஸுக்கு. மேடம் ஸ்பெஷலா சொல்லியிருக்காங்க.”

“மத்த பொண்ணுங்களுக்கு சார்?”

“அதே இலைதான். அந்தப் பொண்ணுக்குத்தான பிரச்சினை? அதத் தீர்த்தாச்சு. நடுவுல வர்ஷாவப் போட்டுட்டேன்.”

“தமிழ்த்தாய்க்கு டான்ஸு...”

“தமிழ்த்தாய் எங்கயாவது ஆடுவாங்களா?”

போனை வைத்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்தேன். மங்களம் மேடம் என்னைப் பார்த்ததும் மலர்ந்துபோனார். நான் நன்றி சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

“அவ நல்லா ஆடுவா மேடம்,” என்றேன்.

“ஆடறதுக்கு எத்தனையோ பேர் இருக்காங்க. தமிழ்த்தாய்க்கு ஒரே ஆள்தான். நீங்களே சொல்லுங்க, இத விட மரியாதையான வேஷம் உங்க கடைல இருக்கா?”

யோசித்துப் பார்த்தேன். இல்லை. கடவுள்களுக்குக்கூட நான் கிழிசலை ஒட்டுப்போட்டுக் கொடுப்பேன். தமிழ்த்தாய்க்கு ஒட்டு கிடையாது.

“எல்லாருக்குமே இலைய மாத்திட்டா, அவளும் ஆடலாமே மேடம்.”

“பேரண்ட்ஸ் எல்லாம் ஃபோட்டோ பாத்து ஓகே சொல்லிட்டாங்க, இப்பப் போய் எப்படி? ஆனா நீங்க சொன்னதுக்காகப் பேர மாத்திட்டோம். ஆதிவாசி நடனம்னு இருந்தத ‘வனத்தின் மைந்தர்கள்’னு போட்டாச்சு. சரிதானே?”

அவ்வளவு பாசமாகச் சிரிக்கிற ஒருவரிடம் எப்படிச் சண்டை போடுவது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தலையை ஆட்டினேன். அது ஆமா என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளத் தக்க ஆட்டல். அவர் ஆமா என்று எடுத்துக்கொண்டார்.

ரேகாவிடம் சொன்னபோது ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். “நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா எலய கட்டிகினாச்சும் ஆடியிருப்பா.”

“அவங்க அப்பா பாதில இட்டுகினு போயிருப்பாரு.”

“ஆமா.” நூல் ஊசிக்குள் போகவில்லை. “எனுக்கும் தெரில போ.”

ரேகாவுக்கே தெரியவில்லை என்றால் அதற்குமேல் அப்பீல் கிடையாது.

ஆண்டு விழா அன்று ஒரு வகுப்பறையைத்தான் மேக்கப் அறையாக்கியிருந்தார்கள். பெஞ்சுகள் மேல் பெண்கள் இலைப் பாவாடையோடு உட்கார்ந்து ஒருத்தி மேல் ஒருத்தி கருப்புப் பொடியைத் தேய்த்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். எழிலரசி மட்டும் பள்ளிச் சீருடையில் மூலையில் நின்றாள். அரக்குப் பட்டைச் சுற்றி, மடிப்பு வைத்து, பின் குத்தினேன். சின்னப் பிள்ளைகளுக்குப் பட்டு கட்டினால் தோளில் ஒரு பின், இடுப்பில் ஒரு பின், அவிழாமல் இருக்க முட்டிக்கு நேரே மடிப்புகளைச் சேர்த்து உள்பக்கமாக ஒரு பின். அந்தக் கடைசிப் பின்னைப் போட்டுவிட்டால் காலை அகட்டி வைக்க வராது. கை பழக்கத்தில் போட்டுவிட்டது.

“அங்கிள், தமிழ்த்தாய் ஒரு ஸ்டெப்பு கூட ஆடக் கூடாதா?”

“கிரீடம் உழுந்துரும் கண்ணு.”

“தலைய ஆட்டாம ஆடுவேன்.”

ஒரு ஜோக் சொல்லிச் சமாளிக்கலாம் என்று பார்த்தேன். வந்ததெல்லாம் கிரீடத்தைப் பற்றியே இருந்தது, ஒன்றும் சிரிக்கிற மாதிரி இல்லை. கையில் அட்டை ஓலைச்சுவடியைக் கொடுத்தேன்.

வாசலில் கன்னியம்மாள் வந்து நின்றார். அன்றைக்குப் புதுச் சேலை. மகளைப் பார்த்ததும் கையை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு என்னைத் தனியே அழைத்தார்.

“அவரு ரொம்ப சந்தோசப்பட்டாருண்ணா. எம் பொண்ணுதான் தமிழ்த்தாய்னு லாரி ஷெட்டு பூரா சொல்ட்டாரு. இவதான் என்னாண்ட பேசவே மாட்டேன்றா.” மகள் பக்கம் திரும்பிப் பார்த்தார். “ஒருவேள நான் கேட்டுருக்கக் கூடாதோ?”

“நீ கேட்டதுல ஒண்ணும் தப்பில்லம்மா.”

“அப்ப எதுல தப்பு?”

கிரீடத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

வாழ்த்துப் பாட்டுக்கு எழிலரசியை மேடையின் ஓரத்தில் ஒரு பீடத்தின் மேல் ஏற்றினார்கள். பாட்டு முடிந்ததும் இறக்கிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். மங்களம் மேடம் கீழே முன்வரிசையிலிருந்தே கையைக் காட்டினார். பார்க்க அழகாக இருக்கிறதாம், நிகழ்ச்சி முடியும்வரை அங்கேயே நிற்கட்டுமாம். பேச்சுகள் முடிந்தன, பரிசுகள் முடிந்தன. அவள் நின்றாள். அப்புறம் முரசு கொட்டியது. வனத்தின் மைந்தர்கள் ஈட்டியோடு ஓடி வந்தார்கள்.

வர்ஷா மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பயந்த பெண். நடுவுக்கு வந்து நின்றதும் அடுத்த அடி மறந்துபோய் நேரே பீடத்தைப் பார்த்தாள். பீடத்தின் மேல் தமிழ்த்தாய் முகத்தைக் கொஞ்சமும் அசைக்காமல், ஓலைச்சுவடிக்குக் கீழே விரல்களை மட்டும் இடமும் வலமும் ஆட்டினாள். வர்ஷா அதைப் பார்த்துக் காலை வைத்தாள். பின்வரிசை வர்ஷாவைப் பார்த்து வைத்தது. ஆட்டம் முழுக்க அப்படியேதான் போனது. கீழே உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை.

பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் நின்ற எனக்கு இன்னொன்றும் தெரிந்தது. ஒவ்வொரு அடிக்கும் அந்தப் பட்டின் மடிப்பு முட்டிக்கு நேரே விண்ணென்று இழுத்து நின்றது. உள்ளே கால் போக நினைத்தது, அந்தப் பின் விடவில்லை.

ஒட்டுமீசை விழுந்தால் குனிந்தபடியே மேடைக்கு ஓடிப்போய் ஒட்டிவிட்டு வருவது என் தொழில். தலைமை விருந்தினர்களின் முன்னாலேயே அனுமாருக்கு வாலைக் கட்டிவிட்டு வந்திருக்கிறேன். ஓடிப்போய் அந்தப் பின்னை எடுத்துவிட எவ்வளவு நேரம் ஆகும். போகத்தான் போனேன். மாஸ்டர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“எங்க போறீங்க?”

“பின்னு குத்துது போல சார். எடுத்துட்டு வந்துடறேன்.”

“பாட்டு முடியட்டும். வீடியோ ஃபிரேம்ல விழுவீங்க.”

அவர் பிடி பெரிய பிடியல்ல. உதறியிருக்கலாம். பட்டு அவிழ்ந்து, கிரீடம் விழுந்து, அந்த அப்பா முன்னால் அவள் மானம் போய்விட்டால் என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே முரசு நின்றுவிட்டது.

கைதட்டல் பலமாக இருந்தது. பின்பக்கம் ஏரிக்கரைத் தெரு மொத்தமும் எழுந்து நின்று விசிலடித்தது. அதெல்லாம் பீடத்துக்கு. நடுவில் கருப்புப் பொடியும் வியர்வையுமாக நின்ற வர்ஷா அது தனக்கென்று நினைத்து இன்னொரு தடவை குனிந்து வணங்கினாள்.

கூட்டம் கலையும்போது, செட்டைத் திரும்ப வாங்க மேடைப் பக்கம் போனேன். எழிலரசியின் அப்பா தன் போனை என் கையில் கொடுத்தார். கட்டையான மனிதர், கண் கலங்கியிருந்தது. மகளுக்கு ஒரு பக்கம் அவர், இன்னொரு பக்கம் கன்னியம்மாள், சுற்றிலும் தெரு.

“அண்ணாத்தே, கிரீடம் முழுசா தெரியறாப்ல எடுங்க.”

போனைத் தூக்கினேன். எல்லாரும் சிரித்தார்கள், அவளைத் தவிர.

“கொஞ்சம் சிரி கண்ணு,” என்றேன்.

உதட்டை அசைக்காமலேயே சொன்னாள். “தமிழ்த்தாய் சிரிக்கக் கூடாதுன்னு மாஸ்டர் சொன்னாரு.”

“ஃபங்ஷன் முடிஞ்சிடுச்சும்மா.”

“அப்ப கழட்டிடலாமா அங்கிள்?”

“இரும்மா, இன்னும் ஒண்ணே ஒண்ணு,” என்றார் அவள் அப்பா. கன்னியம்மாள் என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன்.

அமுக்கினேன்.